தொண்டமுள்ளு

பனச்சமூடு,
17.11.1996

மருமகன் சுந்தரதாஸுக்கு மாமன் தங்கையன் எழுதுவது.

என் மகள் விமலகுமாரி முள் எடுக்காமல் மீன் ஊட்டித் தன் மூத்த பிள்ளையைக் கொன்றாள் என்று முதலில் சொன்னீர்கள். அது நிற்காது என்று தெரிந்ததும், சத்தில்லாமல் வளர்த்துக் கொன்றாள் என்று சொல்கிறீர்கள். இரண்டும் பொய். இந்த இரண்டு பொய்களையும் காரணம் காட்டி, பால்குடி மறக்காத இளையவள் அனகாவை அவளிடமிருந்து பிரித்து ஆரியங்கோட்டில் உங்கள் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். நடந்த அநியாயம் இதுதான். நலம் விசாரிப்பதை இது தீர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. 'மதிப்பிற்குரிய தங்கையன் அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தாய். உன் தாய் விஜயம்மா என் கூடப்பிறந்த தங்கை. ஷார்ஜாவில் இருந்துகொண்டு நீ எப்படி எழுதினாலும் நான் உனக்குத் தாய்மாமன், அதற்குப் பிறகுதான் மாமனார். எனக்கு மரியாதை வேண்டாம். நான் சொல்வதைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படித்தால் போதும். உன் வீட்டு முற்றத்தில் யாரும் அப்படிக் கடைசிவரை கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடி மாதம் நடந்ததை உனக்குப் பலர் பலவிதமாக எழுதியிருப்பார்கள். நான் சுகாதார நிலையத்து நர்ஸிடமும் விமலாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். விஜயம்மாவிடமும் கேட்டேன். மூவர் சொன்ன சம்பவமும் ஒன்றுதான். பொருள் கொண்டதில்தான் வேறுபாடு.

மூத்தவள் ஷீனாவுக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. சாதாரண சளி என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. மழை மாதத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கும். பிள்ளை எச்சில் விழுங்க முடியாமல் அழுத அன்று சாயங்காலம் மாமியாரும் மருமகளும் அவளைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அனகா கைக்குழந்தை, உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று விமலா அவளுடன் வெளியே நின்றாள். விஜயம்மாதான் ஷீனாவை உள்ளே கொண்டுபோனாள். அந்த நர்ஸ் கொல்லத்துக்கு வடக்கே பிறந்தவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டமுள்ளாணு, இப்போ தன்னே வலிய ஆசுபத்திரியில் கொண்டுபோ, அதாவது உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று, சொல்லியிருக்கிறார்.

தொண்டமுள்ளு என்பது மலையாளத்தில் ஒரு நோயின் பெயர். ஆங்கிலத்தில் டிப்தீரியா. தமிழில் தொண்டை அடைப்பான் என்று சொல்வார்கள். பாறசாலை அச்சகத்தில் மூன்று மொழிக்கும் எழுத்துக் கோர்ப்பவன் நான், மூன்று பெயரையும் சுகாதார நோட்டீஸ்களில் கோர்த்திருக்கிறேன். ஆனால் விஜயம்மா பனச்சமூட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு முள்ளு என்றால் மீன் முள்ளுதான். நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் வெளியே வந்து விமலாவைப் பார்த்து, பிள்ளைக்க தொண்டையில முள்ளாக்கும், உச்சைக்கு நீ ஊட்டின சாளை என்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதையும் சொன்னாள். ஆனால் அதற்கு அவளே பதிலும் சொன்னாள். ஒரு முள்ளுக்கு எவனாவது வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவானா, ரெண்டு உருள சோறு முழுங்கினா எறங்கிப்போவும் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். சோற்றை உருட்டி விழுங்கவைத்தார்கள். மட்டி வாழைப்பழம் கொடுத்தார்கள். முள் இறங்கவில்லை, ஏனென்றால் முள் இல்லை. உருளையை உருட்டியது யார் கை, வாயில் வைத்தது யார் கை என்று நான் எழுதப் போவதில்லை. பிறகு டாக்டர் ஒருவரிடம் நான் முதலில் கேட்டதே அதைத்தான். சோற்றால் உயிர் போகவில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஒரு முழு நாள் போனது. அந்த நோய்க்கு ஒரு நாள் என்பது பெரிய விஷயம்.

மறுநாள் கழுத்து இருபக்கமும் வீங்கி, மூச்சு விடும்போது சத்தம் வந்தது. ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருப்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டபோது, விமலா வாய் திறக்கும் முன் விஜயம்மா மீன் முள்ளைச் சொல்லிவிட்டாள். இருந்தாலும் அந்த டாக்டர் பஞ்சில் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், விஷமுறிவு மருந்துக்கும் ஆள் அனுப்பினார். மருந்து வந்து சேர்ந்தபோது ஷீனா இல்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், விமலா கொஞ்ச நாள் அப்பனுக்க கூட நிக்கட்டு என்று உன் அண்ணன் பொன்னப்பன் சொன்னான். அனகாவுக்குச் சளி, பஸ்ஸில் அலைக்க வேண்டாம், பிறகு கொண்டு விடுகிறோம் என்றார்கள். நல்லதுக்குச் சொல்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். சளி போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. நான் கேட்கப் போனபோதெல்லாம் குழந்தை தூங்குகிறது, குளிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. ஒருநாள் ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் தூங்குகிறது என்றுதான் சொன்னார்கள்.

இதற்கிடையில் நகரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. தொண்டையில் டிப்தீரியாக் கிருமி உண்டு, ஆனால் இது விஷம் சுரக்காத வகை என்று எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட கிருமி பலர் தொண்டையில் சும்மா இருக்குமாம். ஆகவே இது டிப்தீரியா மரணம் இல்லை என்று சுகாதார இன்ஸ்பெக்டர் விசாரணையை முடித்துவிட்டார். விஜயம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. படிச்சவங்களே பறஞ்சாச்சு, நோய் இல்ல, முள்ளாக்கும் என்று ஆரியங்கோட்டில் எல்லோரிடமும் சொன்னாள்.

நான் அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், யார் சொல்லி இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். உரக்கக் கேட்டேன் என்று பொன்னப்பன் உனக்கு எழுதியிருப்பான். என்னிடம் அப்போது இருந்த விவரத்துக்கு அந்தக் கேள்வி சரியான கேள்விதான். மறுபடியும் போனேன். மூன்றாம் தடவை போனபோது அதன் உரிமையாளர், என்னைத் தொலைத்தால் போதும் என்று நினைத்து, அந்தக் கிருமியைச் சேமித்து வைத்திருந்த குழாயைத் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் பெர்த்தாவுக்கு அனுப்பிவைத்தார். சோற்றால் உயிர் போகவில்லை என்று சொன்னதாக மேலே எழுதினேனே, அந்த டாக்டர் அவர்தான்.

டாக்டர் பெர்த்தா பொழியூர்க் கடற்கரையில் பிறந்தவர். நான் மீன் முள் கதையைச் சொன்னபோது முதலில் சிரித்தார். எங்க வீட்டில பிள்ளைக நடக்குமுன்னே மீன் தின்னுமாக்கும், முள்ளு குத்தினா பிள்ளை அழும், துப்பும், ரெண்டு நாளில கழுத்து இப்படி வீங்காது மாமா, இது எனக்க அம்மைக்கே தெரியும், டாக்டர் வேண்டாம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த முடிவை இரண்டு தடவை படித்தார். கிருமியை எந்தக் கூழில் வளர்த்தார்கள் என்று எனக்கு எழுதவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் எனக்குச் சொன்னதை உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். நீ பத்தாம் வகுப்பு வரை படித்தவன், நான் நாலாம் வகுப்பு. எனக்கு விளங்கியது உனக்கும் விளங்கும்.

அந்தக் கிருமி தன் விஷத்தை எப்போதும் சுரப்பதில்லை. அந்த விஷம் ஒரு புரதம். அதைச் செய்வதற்கான குறிப்பு, மரபணு என்று சொல்கிறார்களே, அது கிருமிக்குள் இருக்கிறது. அதுகூட அதன் சொந்தச் சொத்து இல்லை, கிருமியையும் பிடிக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. அந்த மரபணுவின் தலைமாட்டில் இன்னொரு புரதம் காவல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் இரும்பு இருக்கும்வரை அது எழுந்திருக்காது, விஷத்துக்கான குறிப்பை யாரும் படிக்க விடாது. சுற்றிலும் இரும்பு குறைந்தால் அதன் கையிலிருந்த இரும்பும் போய்விடும். காவல் விலகிவிடும். உடனே கிருமி விஷத்தைச் செய்து தன் உடம்புக்கு வெளியே தள்ளும். அது ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகும்.

எங்கள் அச்சகத்தில் பக்கத்தைக் கோர்த்து நூலால் கட்டி வைத்திருப்போம். உத்தரவு வந்தால்தான் மெஷினில் ஏறும். காகிதத்தில் எழுத்து விழவில்லை என்பதால் பக்கம் கோர்க்கப்படவில்லை என்று யாராவது சொன்னால் அவன் அச்சகத்தையே பார்க்காதவன். நகரத்துப் பரிசோதனையில் நடந்தது அதுதான். கிருமியை வளர்க்கும் கூழ் இரும்பு இல்லாததாக இருக்க வேண்டும். அந்த வாரம் அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி பழுதாகி, செந்நிறக் கறை படியும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். கிருமிக்கு வேண்டிய அளவு இரும்பு கிடைத்தது. அது சாதுவாக இருந்துகொண்டது. சாதுக் கிருமி என்று எழுதிவிட்டார்கள்.

டாக்டர் பெர்த்தா அதே கிருமியை இரும்பை நீக்கிய கூழில் வளர்த்தார். விஷமுறிவு மருந்தில் நனைத்த ஒரு காகிதப் பட்டையைக் கூழில் கிடத்தி, அதற்குக் குறுக்கே கிருமியைக் கோடாக இழுத்து வைத்தார். கிருமி விஷம் சுரந்தால், விஷமும் மருந்தும் கூழுக்குள் பரவிச் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுமாம். என்னை வரச் சொல்லி, தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் திருப்பினார். அப்போது கண்டேன். தலைமுடியின் அளவு மெலிந்த ஒரு கோடு. கண்டீங்களா மாமா, பிள்ளையை எடுத்தது இதாக்கும் என்று சொன்னார். அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் நேராக ஆரியங்கோட்டுக்குப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்தேன். முள் இல்லை, டிப்தீரியாதான், இரும்பு குறைந்த இடத்தில்தான் அந்தக் கிருமி விஷம் சுரக்கும் என்று சொன்னேன். அவ்வளவையும் கேட்டார்கள். மீதியைச் சொல்ல விடவில்லை.

விஜயம்மா எழுந்தாள். அண்ணனுக்க வாயில இருந்தே வந்தாச்சு, இரும்புச் சத்து இல்லாத பிள்ளைக்கு விஷமாவும்னு, அந்தப் பிள்ளைக்குச் சத்து குடுக்காதது ஆரு, பெத்த தள்ளதானே, கொல்லையில முருங்கை நிக்குது, ஒரு பிடி கீரை பறிச்சுக் குடுத்தாளா என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அப்படி இல்லை என்று தொடங்கியபோது பொன்னப்பன், மாமன் கோக்குற எழுத்தெல்லாம் தலைகீழாக்கும், மாமன் பறையுகதும் அப்படித்தான், திருப்பிப் பிடிச்சாத்தான் அர்த்தம் தெரியும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எப்போதும் கெட்டிக்காரன்தான்.

அன்று நான் சொன்னதில் பிழை இல்லை. கேட்டவர்கள் பாதியில் எழுந்துகொண்டார்கள். அந்தப் பாதிதான் கடல் கடந்து உன்னிடம் வந்து, நீங்களே சொன்னீர்களாமே என்று உன் கடிதத்தில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அதனால் மீதியைக் கேள்.

நான் டாக்டர் பெர்த்தாவிடம் திரும்பிப் போய், பிள்ளைக்குத் தினமும் கீரை கொடுத்திருந்தால் அந்தக் கிருமி சும்மா இருந்திருக்குமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. என்னிடம் இல்லை, அந்தக் கேள்வியிடம். அவர் சொன்னது இது. நல்ல திடமான உடம்பில்கூட இரும்பு வெளியே கிடப்பதில்லை. உடம்பு அதை ஒவ்வொரு துளியாகப் பிடித்துப் பூட்டி வைத்திருக்கும், கிருமிகளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக. அதற்கென்றே ஒரு புரதம் எச்சிலில் உண்டு, கண்ணீரில் உண்டு, தாய்ப்பாலில் உண்டு. எந்தப் பிள்ளையின் தொண்டையும், அரண்மனையில் வளர்ந்தாலும், அந்தக் கிருமிக்கு இரும்பில்லாத இடம்தான். இரும்பு இல்லை என்பதை வைத்துத்தான் தான் ஒரு மனித உடம்புக்குள் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அது அறிந்துகொள்கிறது. அறிந்ததும் விஷத்தைத் திறக்கிறது. விஷத்தால் சாகும் திசுக்களிலிருந்து இரும்பு கசியும், அதற்காகவே அப்படிச் செய்கிறது என்று சிலர் எண்ணுகிறார்களாம். அது இன்னும் உறுதியாகவில்லை என்றும் சொன்னார்.

சுந்தரதாஸ், இந்த இடத்தை இன்னொரு முறை படி. பிள்ளையின் உடம்பு குறையாக இருந்ததால் விஷம் வரவில்லை. உடம்பு தன் காவலைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. கிருமி அந்தக் காவலையே அடையாளமாக எடுத்துக்கொண்டது. விமலா கீரை கொடுத்தாள், எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் வாதமாக வைக்க மாட்டேன். கொடுத்திருந்தாலும் கொடுக்காதிருந்தாலும் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. என் மகளை நல்லவள் என்று நிரூபித்துத்தான் அவள் பிள்ளையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் அது எனக்குத் தேவையில்லை. அவள் மேல் குற்றமே இல்லை. அதுதான் வழக்கு.

தடுப்பூசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டேன். அப்போதும் கிருமி விஷத்தைச் சுரக்கும், ஆனால் அதை முறிக்கும் சக்தி ரத்தத்தில் முன்பே தயாராக இருக்கும், அதனால் பலிக்காது என்றார். ஷீனாவுக்கு முதல் ஊசி போட்டபோது கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. இனி வேண்டாம் என்று விஜயம்மா சொன்னாள். நீ அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தாய். இரண்டாம் ஊசிக்கு விமலா பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தபோது, அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனவன் நீ. உன் தாய்க்காகச் செய்தாய். இதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. விமலாவும் சொல்லவில்லை. முற்றத்தில் முருங்கைக்கீரையைப் பற்றிப் பேசியபோதுகூட அவளுக்காக நான் இதைச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இனி விமலாவைப் பற்றி. அவள் பேசுவது குறைந்துவிட்டது. நான் ஏதாவது கேட்டால் உண்டு, இல்லை என்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு பருக்கையாக விரலால் அழுத்திப் பார்க்கிறாள். வீட்டில் மீன் வாங்கி மாதங்கள் ஆகின்றன. வெறும் கஞ்சியிலும் அப்படித்தான் தேடுகிறாள். முள் இல்லை மக்கா, முள் இருந்ததே இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். தெரியும் அப்பா என்கிறாள். தேடுவதை நிறுத்துவதில்லை. பால் கட்டி முதல் வாரங்களில் காய்ச்சலில் கிடந்தாள். இப்போது பால் வற்றிவிட்டது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, கொடியில் காயும் துணிகளிலிருந்து நானே தெரிந்துகொண்டேன். அவள் தாய் இருந்திருந்தால் இதெல்லாம் ஒரு தகப்பன் பார்க்க வேண்டிய காரியமாக ஆகியிருக்காது. கிணற்றுக்கு இரும்புவலையில் ஒரு மூடி செய்து பூட்டுப் போட்டிருக்கிறேன். பூனை விழுகிறது என்று அவளிடம் சொன்னேன். நம் வீட்டில் பூனை கிடையாது. 

டாக்டர் பெர்த்தா எழுதிக் கொடுத்த பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் விசாரணையைத் திரும்பத் திறந்தார். அந்த நர்ஸ் உங்கள் வார்டு முழுவதும் வீடு வீடாகப் போனார். தான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு நாள் போனது என்று அறிந்ததிலிருந்து அவர் டிப்தீரியா என்றுதான் சொல்கிறார், தொண்டமுள்ளு என்று வாயால் சொல்வதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. ஒரே ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. எனக்க பேத்திக்கு நோயும் இல்ல, ஊசியும் வேண்டாம், மூத்தவளுக்கு முள்ளாக்கும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினாள் விஜயம்மா. முற்றத்தில் சத்தில்லை என்கிறாள், நர்ஸிடம் முள் என்கிறாள். எந்த ஆள் வந்தால் எந்தப் பொய் என்று வைத்திருக்கிறாள். பொய் என்று எழுதிவிட்டேன். அவள் அதை நம்புகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளைச் சிறு வயது முதல் அறிந்தவன் நான். அன்று பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போனது தான்தான் என்று ஒத்துக்கொண்டால் அவளால் நிற்க முடியாது. அது அவள் பாடு. அவள் நிற்பதற்காக அனகாவைக் கொடுக்க முடியாது.

நர்ஸ் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி எப்படியோ விமலாவின் காதில் விழுந்தது. அன்று நான் அச்சகத்திலிருந்து வந்தபோது அவள் கதவருகில் எனக்காகக் காத்து நின்றாள். பல வாரங்களில் அவள் தானாக என்னிடம் பேசியது அன்றுதான். அனகாவுக்குப் போட்டாச்சா அப்பா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆருக்கும் எழுத வேண்டாம்னு நானாக்கும் பறஞ்சேன், இனி எழுதுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுதான் இந்தக் கடிதம். என் பிடிவாதம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அந்தக் கிருமி ஷீனாவின் தொண்டையில் இருந்தபோது அனகா அதே பாயில் கிடந்தாள். ஒருவரும் அவள் தொண்டையைப் பார்க்கவில்லை.

இனி நடக்க வேண்டியவை.

நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆரியங்கோட்டில் ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசி, பொன்னப்பனை வரவழைக்க வேண்டும். பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் எதுவும் நடக்காது. ஊசி போட வேண்டும், பிள்ளையைத் தாயிடம் விட வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல். உன் தாய் போனை வாங்கி அழுவாள். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடியும் அதையே சொல்.

நீ பேசிய பிறகு வரும் முதல் புதன்கிழமை பொன்னப்பன் அனகாவைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் தொண்டையிலும் பஞ்சு தொட்டு எடுக்கச் சொல்லி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன். அதை டாக்டர் பெர்த்தா தானே பரிசோதிப்பார், வேறு எங்கும் அனுப்ப வேண்டாம். கால் வீங்கினால் ஈரத்துணி போட்டால் போதும், வீங்கும்தான். பிறகு அங்கிருந்தே ஜீப்பில் பனச்சமூட்டுக்கு வர வேண்டும். என்னிடம் பேச வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. கேலி செய்ய விருப்பமென்றால் செய்துகொள்ளட்டும்.

விஜயம்மா முற்றத்தில் அன்று கூடியிருந்த பெண்களிடம், முள்ளு இல்லை, நோய்தான், மருமகள் மேல் தவறில்லை என்று ஒருமுறை சொல்ல வேண்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த ஒருநாளைப் பற்றி நான் இனி எவரிடமும் பேச மாட்டேன், அவளிடமும்கூட. பிள்ளை இத்தனை மாதம் அவள் மடியில்தான் கிடந்திருக்கிறது, அவளைக் காணாவிட்டால் அழும். ஆகவே அவளும் கூட வரட்டும். இரண்டு நாள் தங்கட்டும்.

நான் அவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். பாறசாலைக்குப் போய்விடுவேன். நான் நின்றால் வாய் திறந்துவிடுவேன், அது யாருக்கும் நல்லதில்லை.

விமலகுமாரி செய்ய வேண்டியது ஒன்றுதான். வாசலுக்கு வந்து கையை நீட்ட வேண்டும். அதைச் செய்யச் சொல்லி அவளிடம் கேட்க என்னால் முடியாது. பிள்ளையைக் காட்டினால் கை தானாக நீளும் என்று நினைக்கிறேன். நீளும்.

கடிதம் அங்கே வந்து சேரவே நாள் ஆகும். நீ சுணங்காதே, மக்கா.

உன் மாமன்
தங்கையன்